நான்கு பைட்டும் சரளாவும்

சரளாவுக்கு முதல் வேலை மோடம் பெட்டிகளைச் சோதிக்கும் மேசையில் கிடைத்தது. பெங்களூர் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கறிக்கடை வரிசையைத் தாண்டி, ஒரு துணிக்கடையின் மாடிப்படி ஏறினால் அந்தக் கம்பெனி. இரண்டு பெட்டிகளை டெலிபோன் கம்பியால் இணைத்து, ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒரு ஃபைலை அனுப்பி, ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். சேராத பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கச் சொல்லியிருந்தார்கள். மற்ற பெண்கள் அப்படித்தான் செய்தார்கள். சரளா மட்டும் ஏன் சேரவில்லை என்று பார்க்க உட்கார்ந்துவிடுவாள். மேசையில் வேலை தேங்கும். சூப்பர்வைசரிடம் திட்டு விழும். மறுநாளும் அதையே செய்வாள்.

இது 1994இல். அவள் பிறந்து வளர்ந்தது ஆஸ்டின் டவுனில். அப்பா கிருஷ்ணப்பா பஸ் டிப்போவில் பெயிண்டர். கோலார் தங்கவயலில் இருந்த காலத்திலேயே பௌத்தத்துக்கு வந்த குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கடைவீதியில் உருது என்று மூன்றும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருடம் காவிரிக் கலவரம் வந்தது. கிருஷ்ணப்பா வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டு, வீட்டுக்குள்ளும் தமிழில் சத்தமாகப் பேச வேண்டாம் என்றார். ஊர் அடங்கி வகுப்புகள் தொடங்கியதும் சரளா வழக்கம்போலப் போனாள். பக்கத்தில் உட்காரும் கன்னடப் பெண் வழக்கம்போல நகர்ந்து இடம் கொடுத்தாள். நடந்ததைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

டிப்ளமோவை வைத்துக்கொண்டு காலம் முழுக்கப் பெட்டி சோதிக்கத்தான் முடியும் என்பது சீக்கிரமே புரிந்தது. மாலை நேர பி.ஈ.யில் சேர்ந்தாள். பகலில் மோடம், சாயங்காலம் வகுப்பு. பட்டம் கைக்கு வருவதற்குள்ளேயே தொம்மலூரில் வேறு வேலை கிடைத்துவிட்டது. சொக்கநாதசுவாமி கோயில் தெருவுக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகையும் புதுக் கண்ணாடிக் கட்டடமும் ஒட்டி நிற்கிற இடத்தில் அந்த அலுவலகம். டெலிபோன் கம்பெனிகளுக்கு விற்பதற்காக, தகவலை வழிபார்த்து அனுப்பும் சின்ன ரவுட்டர்களைச் செய்தார்கள். பெட்டிக்குள் ஓடியது லினக்ஸ். அதன் நடுப்பகுதியான கெர்னலில், பாக்கெட் என்கிற தகவல் துண்டு உள்ளே வந்து வெளியே போகிற பாதையில் வேலை செய்ய ஆள் வேண்டியிருந்தது. இன்டர்வியூவில் டீம் லீடர் கோதண்டராமன், மோடம் கம்பெனியில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். போய்ச் சேராதது ஏன் சேரவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சரளா சொன்னாள். அவர் சிரித்துவிட்டார். வேலை கிடைத்தது.

மேசையில் கைப்பிடி அளவுக்கு ஒரு புத்தர் சிலை வைத்திருந்தாள். பார்க்கிறவர்கள் அழகுக்கு வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரே ஒருவன், பக்கத்து இருக்கையில் இருந்த ரெமிஜியஸ், வீட்டில் கும்பிடுவீர்களா என்று கேட்டான். ஆமாம் என்றாள். அவன் லிங்கராஜபுரத்துக்காரன், கத்தோலிக்கன். நெட்வொர்க் கார்டையும் கெர்னலையும் பேச வைக்கிற டிரைவர் அவன் பொறுப்பு. கார்டிலிருந்து பாக்கெட்டை எடுத்து அவன் மேலே கொடுப்பான். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் சரளாவின் பொறுப்பு. இரண்டு பேரும் ஒரே டப்பாவில் சோறு பகிர்ந்துகொள்ளும் அளவுக்குச் சிநேகம்.

2000இல் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை இளங்கோவன், ஆம்பூர்க்காரன், சிவாஜிநகரில் ஆட்டோ எலக்ட்ரிஷியன். பெண் பார்க்க வந்தபோது, ரவுட்டர் என்றால் என்ன, வண்டி வயரிங் மாதிரியா என்று கேட்டான். இல்லை என்றாள். சரி என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தான். மேற்கொண்டு தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளாதது அவளுக்குப் பிடித்திருந்தது.

அவள் எழுதியது லேபிள் வேலை. ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பகுதியிலும் அது போய்ச் சேர வேண்டிய முகவரி இருக்கும். வழியில் இருக்கிற ஒவ்வொரு ரவுட்டரும் அந்த முகவரியை முழுக்கப் படித்து, எந்தப் பக்கம் அனுப்பலாம் என்று பெரிய அட்டவணையில் தேடும். லேபிள் முறையில் அந்தத் தேடல் ஒரு தடவைதான். முதல் ரவுட்டர் வழியைத் தீர்மானித்து, முகவரிக்கு முன்னால் நான்கு பைட் இடத்தில் ஓர் எண்ணை ஒட்டிவிடும். அடுத்த ரவுட்டர் முகவரியைத் தொடுவதில்லை. எண்ணைப் பார்க்கும், தன்னுடைய அட்டவணைப்படி வேறு எண்ணை அதே இடத்தில் எழுதும், வெளியே தள்ளிவிடும். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத வேலை. ஆனால் ஓடுகிற பாக்கெட்டின் தலையில் கைவைக்கிற வேலை. நான்கு பைட்டில் ஒன்று பிசகினாலும் பாக்கெட் வேறு யார் வீட்டுக்கோ போய்விடும்.

சரளா பயந்த சுபாவம். அதனால் பாக்கெட்டில் எதையும் எழுதுவதற்கு முன், முழுசாக ஒரு பிரதி எடுத்து அந்தப் பிரதியில்தான் எழுதினாள். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் இப்படித்தான். தப்பே வராது. ஆனால் வேகம் குறையும். வேகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கோதண்டராமனும் விட்டுவிட்டார்.

2002 கடைசியில் அவள் பிரசவ விடுப்பில் போனாள். பெண் குழந்தை, வைஷ்ணவி என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சமயத்தில்தான் ஒரு பெரிய டெலிபோன் கம்பெனி டெண்டர் விட்டது. எந்தப் பெட்டி எவ்வளவு வேகம் என்று எண்ணைக் கேட்டார்கள். சரளாவின் ஃபைல் அதே டீமில் இருந்த வைத்தீஸ்வரன் கைக்குப் போயிற்று. கெட்டிக்காரன். வேகத்தைத் தின்பது அந்தப் பிரதி எடுக்கிற வரிதான் என்று ஒரே நாளில் கண்டுபிடித்து அதைத் தூக்கிவிட்டான். சோதனையில் எல்லாம் சரியாகப் போயிற்று. புது வேகம் விளம்பரத் தாளில் அச்சாயிற்று. அடுத்த மாதமே அவன் அமெரிக்காவுக்குப் போய்விட்டான்.

சரளா திரும்பி வந்தபோது ஃபைலில் அவள் பெயர்தான் இருந்தது, வேலை மட்டும் அவளிடம் வரவில்லை. குழந்தை சின்னது, கொஞ்ச நாள் இலேசான வேலையாகப் பாருங்கள் என்று சொல்லி, கையேடு எழுதுகிறவர்களோடு உட்கார வைத்தார்கள். அவள் எதிர்த்துப் பேசவில்லை. அது சாஃப்ட்வேர் கம்பெனிகள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம். மாதத்துக்கு ஒருவராவது மேசையைக் காலிசெய்து அட்டைப் பெட்டியோடு லிஃப்ட்டில் இறங்கினார்கள். இருக்கிற வேலை இருந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

தகராறு தார்வாட்டில் தொடங்கியது. தனியார் கல்லூரிக் குழுமம் ஒன்று இவர்களுடைய ரவுட்டர்களை வாங்கியிருந்தது. பெங்களூரில் ஓர் ஆசிரியர் பாடம் நடத்துவார். அந்தப் படமும் குரலும் வட கர்நாடகத்தில் தார்வாட்டிலும் பெல்காமிலும் உள்ள வகுப்புகளுக்குப் போகும். அனுப்புவது ஒரே பாடம்தான். பெங்களூரில் இருந்த பெட்டி அதை இரண்டாக்கி, ஊருக்கு ஒரு லேபிள் போட்டு, ஒரே கம்பியில் வடக்கே அனுப்பும். காலையில் நன்றாகப் போகும். பதினோரு மணி வாக்கில் எல்லா அலுவலகங்களும் சுறுசுறுப்பானதும் தார்வாட்டில் படம் உறைந்துவிடும். பெல்காமில் திக்கித் திக்கி ஓடும். பார்த்ததில் பெல்காமுக்கு ஒவ்வொரு பாக்கெட்டும் இரண்டு தடவை போய்க்கொண்டிருந்தது. தார்வாட்டுக்கு ஒன்றுமே போகவில்லை.

அந்தப் பெங்களூர்ப் பெட்டிக்குள் வருவதையும் போவதையும் பதிவு செய்கிற புரோகிராமை ஓட்டிப் பார்த்தார்கள். பாக்கெட் உள்ளே வருகிற வாசலிலேயே எண் தப்பாக இருந்தது. கல்லூரியில் பாடத்தை அதற்கு அனுப்புகிற பெட்டி 30 என்ற லேபிளோடு அனுப்பியதற்கு அந்தப் பக்கத்தில் சாட்சி இருந்தது. இந்தப் பக்கம் நுழையும்போதே 52 என்று இருந்தது. இடையில் கம்பியும் கார்டும் தவிர வேறெதுவும் இல்லை. அப்படியானால் கார்டு, இல்லையென்றால் டிரைவர். டிரைவர் ரெமிஜியஸுடையது.

அவன் டிரைவரில் பாக்கெட்டை வாங்கி வைக்கிற பகுதியை இரண்டு தடவை திருப்பி எழுதினான். கார்டை மாற்றினான். அந்த முனையிலும் பார்த்துவிடலாம் என்று மாற்றுக் கார்டுகளைத் தூக்கிக்கொண்டு தார்வாட்டுக்கு ரயிலேறிப் போனான், அங்கேயே நாள்கணக்கில் உட்கார்ந்தான். எதுவும் சரியாகவில்லை. திரும்பி வந்தவனைக் கோதண்டராமன் அறைக்குள் கூப்பிட்டு, மாத முடிவுக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அந்த மாதம் ஒருவரைக் குறைக்கச் சொல்லி அமெரிக்காவில் இருந்த தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு இருந்தது. டிரைவர் சரியில்லாதவன் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஆள் கையில் இருந்தான்.

மதியச் சாப்பாட்டின்போது ரெமிஜியஸ் இதையெல்லாம் சரளாவிடம் சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை. தன் வேலையிலேயே அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டிருந்தது.

"இன்னும் எங்க பாக்குறதுன்னு தெரியல. முப்பதுன்னு வர்றது எங்கிட்ட அம்பத்திரெண்டு ஆயிடுது. நான்தான் ஏதோ பண்ணிட்டிருக்கேன் போல."

சரளா அந்தப் பதிவின் அச்சுப் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவளுடைய இடத்தில் பரப்பிவைத்துப் பார்த்தாள். முதலில் 30ஐ விட்டுவிட்டு 52ஐப் பார்த்தாள். கெட்டுப்போன எண்ணாக இருந்தால் ஒரு தடவை 52, அடுத்த தடவை வேறு ஏதாவது குப்பை என்று வர வேண்டும். இங்கே எப்போதும் 52. அட்டவணையை எடுத்துப் பார்த்தாள். பெல்காமுக்கு வெளியே போகிற பாக்கெட்டில் இவர்களுடைய பெட்டியே எழுத வேண்டிய எண் 52. உள்ளே வருகிற வாசலில், வெளியே போகிற எண். அந்த அட்டவணை டிரைவருக்குத் தெரியாது. அது எங்கே இருக்கிறது என்பதுகூட டிரைவருக்குத் தெரியாது. தெரிந்தது ஒரே ஒரு ஃபைலுக்குத்தான். அவளுடையதற்கு.

அந்த ஃபைலைத் திறந்தாள். பிரதி எடுக்கிற வரி இல்லை.

பிறகு விளங்கிக்கொள்ள அதிக நேரம் ஆகவில்லை. ஒரே பாக்கெட் இரண்டு பேருக்குத் தேவைப்பட்டால் கெர்னல் அதை உண்மையில் இரண்டாக்குவதில்லை. இரண்டு விவரச் சீட்டு போடும், சரக்கு ஒன்றுதான். படிக்கிறவர்களுக்கு அது போதும். எழுதுகிறவனுக்கு ஆகாது. அவளுடைய ஃபைல் தார்வாட்டின் எண்ணை எழுதி வரிசையில் நிறுத்துகிறது. அது கார்டை விட்டுப் போவதற்குள் அதே நான்கு பைட்டின்மேல் பெல்காமின் எண்ணை எழுதுகிறது. இரண்டும் பெல்காமுக்குப் போகின்றன. கூட்டம் இல்லாத காலை நேரத்தில் முதல் பாக்கெட் உடனே கிளம்பிவிடுவதால் தப்பிக்கிறது. பதிவு செய்கிற புரோகிராமும் அதேபோல ஒரு சீட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதுதான். அதன் முறை வந்து படிக்கும்போது உள்ளே எண் மாறிப்போயிருக்கிறது. கண்ணால் பார்த்த சாட்சி என்று எல்லோரும் நம்பியதே பொய்ச் சாட்சி.

இதில் அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஒரு நிமிடம் வந்தது. அதற்குப் பிறகு போய்விட்டது. டிரைவர் நல்லது என்று சொன்னால் கெட்டது எது என்ற கேள்வி வரும். ஃபைலின் தலையில் எழுதியிருந்த பெயர் அவளுடையது. வைத்தீஸ்வரன் கடல் தாண்டி இருந்தான். அவள் இங்கே இருந்தாள்.

அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போனதும் இளங்கோவனிடம் மட்டும் முழுக்கச் சொன்னாள். லேபிளைப் பற்றி அவனுக்கு என்ன புரிந்ததோ தெரியவில்லை, கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்ததும், ரெமிஜியஸுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டான். இரண்டு என்றாள். அவன் குழந்தையை அவள் மடியிலிருந்து வாங்கிக்கொண்டு, தயிர் வாங்கி வருகிறேன் என்று வெளியே போனான். நீ சொல் என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. அவன் மேல் அவளுக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் அவள் செய்த முதல் காரியம் திருத்தம் எழுதியது. பழையபடி எல்லாவற்றையும் பிரதி எடுக்கவில்லை. ஒரு பாக்கெட்டை எத்தனை பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கெர்னல் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு, வேறு யாரும் பிடித்திருந்தால் மட்டும் தலைப்பகுதியைப் பிரதி எடுத்து அதில் எழுதினாள். இல்லையென்றால் அப்படியே எழுதினாள். ஆரம்பத்திலேயே இதைச் செய்திருக்கலாம். அப்போது அவளுக்குத் தெரியவில்லை. சோதனைக்கூடத்தில் இரண்டு ஊருக்கும் சேர்த்து நெருக்கடியாக அனுப்பிப் பார்த்தாள். சரியாகப் பிரிந்து போயிற்று. வகுப்புப் பாடம் மாதிரி இரண்டாகப் போகிறவற்றுக்கு மட்டும் வேகம் கொஞ்சம் குறைந்தது.

பிறகு கோதண்டராமனின் அறைக்குப் போனாள். அவர் நல்ல இன்ஜினியர். பாதி சொல்லும்போதே புரிந்துகொண்டார்.  இதை டிரைவர் திருத்தம் என்று பெயர் போட்டு அனுப்பிவிடலாம், எந்த ஃபைல் என்று கல்லூரிக்காரர்கள் கேட்கப் போவதில்லை என்றார்.

"கல்லூரிக்காரங்களுக்குத் தெரிய வேணாம் சார். மேல இருக்கறவங்களுக்குத் தெரியணும். ரெமிஜியஸ் டிரைவர்ல ஒண்ணும் இல்லன்னு அவங்க கேக்கணும்."

"உங்க பேர்ல இருக்கற ஃபைல் அது."

"தெரியும் சார்."

"வைத்தீஸ்வரன்தான் எடுத்தான்னு சொல்லப் போறீங்களா?"

"அவர் எடுத்தது உண்மை. ஆனா நான் எழுதுனதும் சரியில்ல. அவ்ளோ ஸ்லோவா எழுதாம இருந்தா அவர் அதைத் தொட்டிருக்கவே மாட்டாரு."

கோதண்டராமன் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். அவர் அடுத்துச் சொன்னதை அவள் எதிர்பார்க்கவில்லை. ரெமிஜியஸ் போகவில்லை என்றால் அந்த இடத்தில் வேறு ஒருவர் போயாக வேண்டும் என்றார். உத்தரவு உத்தரவுதான்.

"யார் பேரை எழுதட்டும், நீங்களே சொல்லுங்க. உங்க பேரை எழுதட்டுமா?"

சரளாவின் மனதில் வைஷ்ணவிக்குத் தடுப்பூசி போட வேண்டியது, அப்பா அந்த வருடம் ரிட்டையர் ஆவது என்று என்னென்னவோ ஓடியது.

"எழுதணும்னா எழுதுங்க சார். ஆனா திங்கக்கிழமை மீட்டிங்ல நான் சொல்லிடுவேன்."

திங்கட்கிழமைகளில் அமெரிக்காக்காரர்களோடு ஸ்பீக்கர் போனில் பேசுவது வழக்கம். மேசை நடுவே நட்சத்திரமீன் மாதிரி அந்தப் போன் கிடக்கும். சரளா இங்கிலீஷில் மெதுவாகப் பேசினாள், அட்டவணையில் 52 எப்படி வந்தது என்பதில் தொடங்கி.  லைன் போய்விட்டதோ என்று ஒருமுறை நிறுத்தினாள். இல்லை, கேட்கிறோம் என்றார்கள். முடித்ததும் ஒரு குரல், விளம்பரத் தாளில் அச்சடித்த வேகம் இனி வராதா என்று கேட்டது. வகுப்பு மாதிரிப் பிரிந்து போகிறவற்றுக்கு வராது என்றாள். அந்த வரியை எடுக்க யார் அனுமதித்தது என்று அதே குரல் கேட்டது.

சரளா வாயைத் திறப்பதற்குள் கோதண்டராமன் போன் பக்கம் குனிந்து, நான்தான் என்றார். 

ஆள் குறைக்கிற உத்தரவை ஒரு மாதம் தள்ளிவைத்தார்கள். அந்த மாதம் அந்த டீமிலிருந்து யாரும் போகவில்லை. அடுத்த மாதம், சரளா உட்கார்ந்திருந்த கையேட்டுப் பிரிவை மொத்தமாக மூடினார்கள். அவளைப் பழைய இடத்துக்கே திரும்ப அனுப்பியிருந்ததால் அவள் தப்பினாள். அங்கே அவளோடு டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் தப்பவில்லை. டெண்டர் கிடைக்கவில்லை. வேகம் காரணமில்லை, கிடைத்த கம்பெனி ஏற்கெனவே அவர்களுக்குப் பெட்டி கொடுத்துக்கொண்டிருந்தது என்று பின்னால் தெரிந்தது. கோதண்டராமன் அதற்குப் பிறகு அவளிடம் மரியாதையாகவும் சுருக்கமாகவும் பேசினார். இரண்டு வருடம் அவளுக்குப் பதவி உயர்வு வரவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று அவள் கேட்டதில்லை.

வைத்தீஸ்வரனுக்கு அவளே மெயில் எழுதினாள். குற்றம் சொல்லி இல்லை, நடந்ததைச் சொல்லி. அவன் பதில் இரண்டு வரி. ஒரே ஊருக்கு அனுப்பித்தான் சோதித்துப் பார்த்தேன், அதில் சரியாக இருந்தது, இரண்டு ஊர் என்பது எனக்குத் தோன்றவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று.

ரெமிஜியஸ் வேறு மாதிரி. மீட்டிங் முடிந்த அன்று மத்தியானம் அவள் இடத்துக்கு வந்து நின்றான். நன்றி சொல்ல வந்திருக்கிறான் என்று நினைத்து அவள் எழுந்தாள்.

"நீ லீவ் முடிஞ்சு வந்து எவ்ளோ நாளாச்சு. இத்தனை நாள் நான் நாய் மாதிரி அலைஞ்சிட்டிருந்தேன். ஒரு தடவை அந்த ஃபைலைத் தொறந்து பாத்திருந்தா ஆகாதா?"

தன்னிடம் யாரும் கேட்கவில்லை என்று சொல்ல வந்தாள். சொல்லவில்லை. அது பதில் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. கேட்டிருந்தால்தான் பார்க்க வேண்டுமா என்ன. அவன் போய்விட்டான். ஒரு வாரம் தனியாகச் சாப்பிட்டான். அப்புறம் ஒருநாள் டப்பாவோடு வந்து எதிரில் உட்கார்ந்தான். மீன் குழம்பு இருந்தது. கொஞ்சம் எடுத்து அவள் தட்டில் போட்டான். 

ஆனால் அவன் அங்கே நிலைக்கவில்லை. தன்னைப் போகச் சொன்ன அறையைத் தினமும் தாண்டிப் போவது அவனுக்குப் பிடிக்கவில்லை. கார்டுகளைத் தூக்கிக்கொண்டு தார்வாட்டில் உட்கார்ந்திருந்த நாட்களில் கல்லூரிக்காரர்கள் அவனைக் கவனித்திருந்தார்கள். பழுது அவனுடையது இல்லை என்று தெரிந்ததும், எங்கள் நெட்வொர்க் முழுவதையும் பார்த்துக்கொள்ள வருகிறாயா என்று கேட்டார்கள். லிங்கராஜபுரத்தை விட்டு மனைவி வர மாட்டாள் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில் மனைவிதான் முதலில் மூட்டை கட்டினாள்.

2006இல் கம்பெனி கைமாறியது. வாங்கியவர்களுக்கு இந்த ரவுட்டர் வேண்டியிருக்கவில்லை. விற்ற பெட்டிகள் ஓடும்வரை ஓடட்டும் என்று வேலையை நிறுத்தினார்கள். சரளா மாரத்தஹள்ளிப் பக்கம் வேறு கம்பெனிக்குப் போனாள், கெர்னல் வேலைக்கே. இந்தத் தடவை சேரும்போதே சீனியர் என்று எடுத்தார்கள். கோதண்டராமன் சென்னைக்குத் திரும்பிவிட்டார். அவளைப் பற்றிப் புதுக் கம்பெனி அவரிடம் விசாரித்தபோது, தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாராம். அதை அவள் ரொம்ப நாள் கழித்துத்தான் கேள்விப்பட்டாள்.

அடுத்த வருடம் ரெமிஜியஸ் போன் செய்தான். பழைய பெட்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாவதாக ஹாவேரியையும் சேர்க்க வேண்டும், அட்டவணையில் ஒரு சந்தேகம், கேட்பதற்குக் கம்பெனியே இல்லை என்றான். போனிலேயே சொல்லியிருக்கலாம். அவள் லீவு போட்டுவிட்டு, இளங்கோவனையும் வைஷ்ணவியையும் கூட்டிக்கொண்டு தார்வாட் ரயிலில் ஏறினாள்.

அட்டவணை வேலை அரை மணியில் முடிந்தது. கல்லூரி வகுப்பைப் பார்க்கிறாயா என்று ரெமிஜியஸ் கேட்டான். பின்பக்கக் கதவு வழியாகக் கூட்டிப்போனான். நீளமான அறை, முன்னால் திரை. திரையில் பெங்களூரிலிருந்து ஓர் அம்மாள் கரும்பலகையில் வட்டம் போட்டு, உயிரணு பிரிவதைக் கன்னடத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். முதல் வரிசைப் பெண்கள் வேகமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் ஒருவன் கன்னத்தில் கைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். பதினோரு மணி தாண்டியிருந்தது. படம் நிற்கவில்லை.

இத்தனை வருடம் பாக்கெட்டுகளை எண்களாகத்தான் பார்த்திருந்தாள் சரளா. அவை என்னவாகப் போய்ச் சேர்கின்றன என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தாள். இளங்கோவன் மடியில் உட்கார்ந்திருந்த வைஷ்ணவி, அந்த அம்மா எங்கே இருக்காங்க என்று கேட்டாள். நம் ஊரில் என்றான் அவன். அப்படியென்றால் நாம் ஏன் இங்கே வந்தோம் என்று அவள் கேட்டதற்கு, தார்வாட் பேடா சாப்பிட என்று ரெமிஜியஸ் சொன்னான். முன்வரிசையிலிருந்து ஒரு பெண் திரும்பிப் பார்த்து, உதட்டில் விரலை வைத்தாள். நால்வரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பாடத்தைக் கேட்டார்கள்.